மூன்றாவது படம்

சின்னப்பராஜைக் கெட்டவன் என்று பொம்மிடியில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிள் கடை, ஞாயிறு தவறாத மாதா கோயில் பூசை, கடைக்கு வருகிறவர்களிடம் தன்மையான பேச்சு. அவனுக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம், பழைய அச்சுப் படங்கள். காலண்டரில் வந்தது, துணிக்கடைக்காரன் இனாமாகக் கொடுத்தது, ஜெர்மனியில் அச்சடித்துக் கப்பலில் வந்த சாமி படம், எதைக் கண்டாலும் சோறு தண்ணி மறந்துவிடும்.

இதே பைத்தியம் பிடித்த நாற்பத்தோரு பேர் சேர்ந்து 'வண்ணப்பட நண்பர் வட்டம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். எல்லாம் தபாலில்தான், முகம் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. இருபது படங்களை அட்டைக்கு நடுவே வைத்த ஒரு கட்டு, பட்டியல் வரிசைப்படி ஒவ்வொருவர் வீட்டுக்கும் ரிஜிஸ்டர் பார்சலில் போகும். பிடித்ததை எடுத்துக்கொண்டு, ஈடாக வேறொரு படம் வைத்து, கையெழுத்துப் போட்டு, பத்து நாளில் அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். வழியில் ஒரு படம் தவறிப்போனால், அறியாமல் நடந்ததற்கு மன்னிப்பு உண்டு. பொய் சொன்னதாகத் தெரிந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அதோடு, தவறிய படத்தைக் கட்டில் வைத்தவர் அந்த ஆளின் படங்களில் தனக்கு வேண்டிய ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆனி மாதத்தில் தவறிப்போனது சின்னப்பராஜ் வைத்த மாதா படம். முகத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அரித்த படமானாலும் அந்த அச்சில் வேறு படம் கிடையாது என்பதால் வட்டத்தில் அதற்குத் தனி மரியாதை. தவறவிட்டது கடத்தூர் தெரசா.

தெரசா பால்வாடி டீச்சர். பெங்களூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தினான். ஊரில் அவளிடம் வாய் திறந்தவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்டார்கள். வட்டத்துக்காரர்கள் ஒருவரும் கேட்கவில்லை. அச்சு எது, மை எது, எந்த வருஷம் என்றுதான் எழுதினார்கள். தினம் இரண்டு மூன்று கடிதம் வரும். பிறந்த நாளுக்கு முப்பது கார்டு வந்தது. அந்தக் கடிதங்கள் இல்லாவிட்டால் அவளுக்குப் பேச்சுத்துணை என்று அம்மா ராஜமேரியைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது.

அந்த ராஜமேரிதான் எரித்தாள். கட்டைப் பிரித்து மேஜைமேல் வைத்துவிட்டு மகள் வேலைக்குப் போயிருந்த நேரம். கரையான் அரித்த மாதா படத்தைக் கிழவி பார்த்தாள். கோயிலில் ஜெபித்து மந்திரித்த படம் சிதைந்தால் குப்பையில் போடக்கூடாது, எரித்துச் சாம்பலைக் கால் படாத இடத்தில் புதைக்க வேண்டும். ஜெபம் சொல்லிக்கொண்டே அப்படியே செய்து, கொய்யா மரத்தடியில் குழியும் மூடினாள். சாயங்காலம் மகள் தலையில் அடித்துக்கொண்டு அழுதபோது, என்ன தப்பு செய்தோம் என்றே கிழவிக்குப் புரியவில்லை.

நடந்ததை நடந்தபடி தெரசா வட்டத்தின் செயலாளருக்கு எழுதினாள். அவர் அரூர் கோவிந்தன், ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர். கற்பூரமும் விபூதியும் அறிந்த மனிதர், மாதா படத்தைப் பக்தியுள்ள கிழவி தீயில் போட்டாள் என்றால் எப்படி நம்புவார்? இருந்தாலும் நியாயஸ்தர். சின்னப்பராஜுக்கு ஒரு கார்டு எழுதினார். "உங்களவர்களில் இப்படி ஒரு வழக்கம் உண்டா? படமும் நீங்கள் வைத்தது. உங்கள் நேர்மை எனக்குத் தெரியும். நீங்கள் சொல்வதே முடிவு."

கார்டைப் படித்தபோது சின்னப்பராஜுக்குச் சிரிப்பு வந்தது. போன தவக்காலத்தில்தான் அவன் மனைவி பாக்கியமேரி கிழிந்த இருதய ஆண்டவர் படத்தை எரித்தாள். கொல்லையில் குழி வெட்டிக் கொடுத்தவனே இவன்தான். உண்டு என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் தெரசாவிடம் 'மாலை' இருந்தது. ஒரு தையல் நூல் கம்பெனி எந்தக் காலத்திலோ காலை, மதியம், மாலை என்று மூன்று படங்கள் போட்டது. முதல் இரண்டும் இவனிடம் இருந்தன. விளக்கேற்றும் பெண் இருக்கும் மூன்றாவது படம் தெரசாவின் அப்பா தையல் கடையில் மாட்டியிருந்தது. நாலு தடவை கேட்டான், என்னென்னவோ தருவதாகச் சொன்னான். "அப்பா ஞாபகத்துக்கு அது ஒன்றுதான் இருக்கிறது அண்ணா" என்று நாலு தடவையும் எழுதிவிட்டாள். அந்தப் பாழாய்ப்போன ஆசை அவன் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

"எங்களில் அப்படி ஒரு வழக்கம் இல்லை" என்று எழுதினான்.

அடுத்த சுற்றறிக்கையில், 'விசாரித்ததில் அப்படி வழக்கம் இல்லை' என்ற குறிப்போடு தெரசாவின் பெயர்மேல் கோடு விழுந்தது. பிறந்த நாளுக்கு வாழ்த்தியவர்களே அவள் கடிதங்களை வாங்க மறுத்துத் திருப்பினார்கள். ஊரில் வாழாவெட்டி, வட்டத்தில் திருடி என்று ஆனது அவள் கதை.

விதிப்படி 'மாலை' தனக்கு வேண்டும் என்று சின்னப்பராஜ் மாஸ்டருக்கு எழுதினான். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி அவளே பொம்மிடிக்கு வந்தாள். படத்துக்கு மெல்லிய காகிதம் சுற்றி, இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, மூலை மடங்காமல் கொண்டுவந்திருந்தாள்.

"இந்தாங்கண்ணா. நல்லாப் பாத்துக்கங்க, வெயில் பட்டா பச்ச வெளுத்துரும்."

"எனக்கே சங்கடமா இருக்குது, தெரசா. ரூல்ஸுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு, நான் என்ன பண்றது?"

"உங்களச் சொல்வனா? அவங்க யாரயோ ஒண்ணும் தெரியாத ஆளக் கேட்டிருக்காங்க. உங்களக் கேட்டிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்."

சின்னப்பராஜ் குனிந்து பங்சர் டியூபைத் தேய்த்தான். அவள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்தாள்.

"எங்க பங்குச் சாமியாரு எழுதிக் குடுத்தாருங்கண்ணா. இப்பிடி வழக்கம் இருக்குதுன்னு சீல் வெச்சுக் குடுத்திருக்காரு. நான் அனுப்புனா ஒடச்சே பாக்க மாட்டேங்கறாங்க. நீங்க அனுப்புனா மாஸ்டர் படிப்பாரு. படம் போனாப் போவுது. எம்பேர மட்டும் திருப்பிச் சேத்தாப் போதும். அந்தத் தபாலு வர்லீனா வூட்டுல நாளே போவ மாட்டேங்குதுங்கண்ணா."

"குடு, நான் பாத்துக்கறேன்."

அவள் பஸ் ஏறியதும் அந்தக் கவரைச் சுக்கலாகக் கிழித்து ஸ்டேஷன் ரோட்டுச் சாக்கடையில் போட்டான். கையோடு கோவிந்தனுக்கு ஒரு கார்டு. "படம் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் கடை வாசலில் நின்று அழுது ஆர்ப்பாட்டம் செய்தாள். இனி அவள் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரிவித்துவிடவும்." அன்றைக்கே 'மாலை'க்குச் சட்டம் போட்டு மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் மாட்டினான்.

வாரம் ஒரு கார்டு வந்தது. "மாஸ்டர் பதில் போட்டாரா அண்ணா?" மூன்று கார்டைக் கல்லாப்பெட்டியில் போட்டு வைத்தான். நாலாவதற்கு எழுதினான்: "சாமியார் கடிதத்தைப் படித்தார்கள். நம்பவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மனதைத் தேற்றிக்கொள்."

பத்து நாள் கழித்துக் கடத்தூரிலிருந்து ஒரு பெரிய பார்சல் வந்தது. தெரசாவிடம் இருந்த அறுபத்திரண்டு படங்களும் அதில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக மெல்லிய காகிதம் சுற்றியிருந்தாள். மேலே ஒரு துண்டுச் சீட்டு.

"அண்ணா, இனி இவற்றை யாரிடம் காட்டப்போகிறேன். உங்களிடமே இருக்கட்டும். நாற்பது பேரில் நீங்கள் ஒருவராவது என்னை நம்பினீர்களே, அது போதும்."

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்த சின்னப்பராஜ், தன்னிடம் ஏற்கனவே இருந்த பதினொரு படங்களை அடுத்த கட்டில் வைத்து மாற்றிக்கொள்ளத் தனியாக எடுத்து வைத்தான்.