ஏணி பிடித்தவன் பேசிய மூன்று நிமிடம்

ஜெரால்டு பாம்ஃப்ரெட் மைக்கைப் பிடித்தால் என் வீட்டுக்காரர் மானம் கப்பலேறும். நாற்பத்தைந்து வருஷமாக இதே கூத்துதான்.

கூத்து நடக்கும் இடம் ஸ்கார்பரோவில் ஒரு சர்ச் ஹால். நாள், நவம்பர் முதல் சனிக்கிழமை மதியம். 'ஏணியும் வாளியும்' ரசிகர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். சங்கமாம் சங்கம்! அறுபது பேர், அதில் பாதிப் பேருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆகிவிட்டது. ஆளுக்கொரு பழுப்பு ஓவர்ஆலை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் பன்றிக்கறி வைத்துச் சுட்ட போர்க் பையும் மறு கையில் டீயுமாக, என்றைக்கோ டிவியில் ஓடி முடிந்த தொடரின் வசனங்களை ஒருவருக்கொருவர் ஒப்பித்துச் சிரித்துக்கொள்வார்கள். பேரப்பிள்ளை பெயரை மறந்துவிடுவார்கள், இந்த வசனம் மட்டும் ஒரு எழுத்து பிசகாது.

தொடர் ஒன்றும் மோசமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் கண்ணாடி துடைக்கிற இரண்டு பேர் கதை. ஏணி மேல் நின்று வாய் ஓயாமல் பேசுகிறவன் ஜெரால்டு. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு "ஆமா பாஸ்" என்கிறவர் என் செட்ரிக். சிரிக்கவும் வைக்கும், நடுநடுவே அழவும் வைக்கும். நான் அதில் துணிமணிப் பொறுப்பு. ஓவர்ஆலைத் துவைத்து, தேய்த்து, மறுநாளைக்குத் தயாராக மாட்டிவைக்கிற வேலை. அங்கேதான் செட்ரிக் எனக்குக் கிடைத்தார்.

தொடர் ஓடிய மூன்று வருஷத்தில் செட்ரிக்குக்கு உருப்படியாகக் கிடைத்தது ஒரே ஒரு காட்சி. இரண்டாம் வருஷம், ஆறாவது பகுதி. கோபித்துக்கொண்டு போன மனைவி ஆஸ்பத்திரியில் மாடி வார்டில் கிடக்கிறாள். உள்ளே போக இவருக்கு முகமில்லை. அந்த ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் ஜெரால்டு மேலே ஏறிக் கேள்வி கேட்க, இவர் கீழே நின்றபடி பதில் சொல்ல, திறந்திருக்கும் ஜன்னல் வழியாக அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்று நிமிடம்.

அந்தக் காட்சி எடுத்து முடித்த அன்றைக்கே, கேன்டீனில், செட்டுப் பக்கமே வராதவர்கள் நடுவே உட்கார்ந்து ஜெரால்டு கதையை ஆரம்பித்துவிட்டான்.

"நம்ம செட்ரிக் ஏணியைப் புடிச்சுக்கிட்டுப் பேந்தப் பேந்த முழிக்கிறான்! ஒரு வரி ஞாபகம் இல்லே. நான் மேலேருந்து வாய்க்குள்ளேயே ஒவ்வொரு வரியா முணுமுணுக்க, இவன் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்றான். மூணு நிமிஷம்! அன்னிக்கு ஏணியை யாருய்யா புடிச்சது? நான்தானே அவனைப் புடிச்சேன்!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செட்ரிக்கும் சிரித்தார். அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே கதை, அதே சிரிப்பு. கதை மட்டும் கொழுத்துக்கொண்டே வந்தது. கடைசியாகக் கேட்டபோது செட்ரிக்கின் கால் நடுங்கி ஏணியே ஆடியதாம். நாக்கு அழுகிப்போகாதா என்று நினைத்துக்கொள்வேன்.

சிரித்தார் என்றேனே, அதோடு தீர்ந்துவிடவில்லை. அதற்கப்புறம் இரண்டு வரிக்கு மேல் வசனம் உள்ள எந்த வேஷத்தையும் செட்ரிக் தொடவில்லை. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் வேண்டாம் என்றார். கடைசியில் கார்ப்பெட் கடையில் வேலைக்குச் சேர்ந்து, முப்பது வருஷம் அளந்து வெட்டினார்.

அவரைக் கேட்டால் ஒன்றும் தெரியாது. "லைட்டு சூடு ஞாபகம் இருக்கு க்ளெனிஸ். ஒரு பெரிய மௌனம் ஞாபகம் இருக்கு. அது என்னோடதாத்தான் இருக்கும். அப்புறம் என்ன பேசினேன்னே தெரியலே" என்பார்.

"நீ ஒண்ணும் மறக்கலே. நான் கேமரா பக்கத்துலயே நின்னு ரெண்டு கண்ணால பார்த்தேன்" என்பேன் நான்.

பொய். நான் அப்போது கீழ்த்தளத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அது டிவியில் வந்த அன்றைக்கு அவர் நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நானாவது பார்த்திருக்கலாம். அந்தக் காட்சி வருகிற நேரம் பெட்டியை அணைத்துவிட்டேன். பயம். வேறென்ன?

மறுபடி பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. அந்தக் காலத்தில் டேப் விலை அதிகம் என்று, ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதன் மேலேயே வேறு எதையாவது பதிவுசெய்வார்கள். ஆறாவது பகுதி அப்படித்தான் அழிந்தது. மேலே எதைப் பதிவுசெய்தார்களோ, நாய்க் கண்காட்சியாகக்கூட இருக்கும். பொய் என்று காட்ட எதுவும் இல்லை என்று தெரிந்ததும் ஜெரால்டுக்கு இன்னும் வசதியாகிவிட்டது.

இந்த வருஷம் ஆகஸ்டில் சங்கத்தின் செயலாளர் நெவில் ஸ்ப்ராட் போன் செய்தான். ஐம்பது வயது ஆள், பேசினால் சின்னப் பையன் மாதிரி குதிப்பான்.

"மிஸஸ் ஹார்பாட்டில், உட்காந்திருக்கீங்களா? ஆறாவது பகுதி கிடைச்சிருச்சு! கூல்ங்கற ஊர்ல ஒரு அம்மா வாடகை வீடியோ மெஷின் வெச்சு வீட்டுலயே பதிவு பண்ணியிருக்காங்க. பரண் மேல கிடந்திருக்கு. நவம்பர் கூட்டத்துல போடறோம்!"

 செட்ரிக் முகம் மாறிப்போயிற்று. அதே வாரம்தான் எங்கள் ஊர் நாடகக் குழுவிலிருந்து ஆட்கள் வந்து, கிறிஸ்துமஸ் நாடகத்தில் துறைமுகக் கிழவன் வேஷம், அதுதான் பிரதான வேஷம், நீங்கள்தான் செய்யவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நாற்பது பக்க வசனம். வழக்கமாக வாசலிலேயே வேண்டாம் என்பவர், இந்தத் தடவை என்ன சொன்னார் தெரியுமா?

"அந்த டேப்பைப் பார்த்துட்டுச் சொல்றேன். நான் மறந்திருந்தா வேண்டாம். மறக்கலேன்னா செய்யறேன்."

"நான்தான் சொல்றேனே, மறக்கலேன்னு!"

"நீ என் பொண்டாட்டி, க்ளெனிஸ். அப்படித்தான் சொல்லுவே."

எழுபத்தெட்டு வயசு. இந்தத் தடவை வேண்டாம் என்றால் இனி யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று மாதமும் ராத்திரி படுக்கையில் அவர் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தார். பக்கத்தில் நானும்தான்.

கூட்டத்தன்று ஜெரால்டு கடைசியாக வந்தான். கடைசியாக வந்தால்தானே எல்லாரும் எழுந்து நிற்பார்கள்! எண்பத்தொரு வயசில் தலைமுடிக்குப் போட்ட சாயம் காதுவரை இறங்கியிருந்தது. கழுத்தில் சிவப்புப் பட்டுத்துணி வேறு.

"என்ன செட்ரிக், இன்னிக்கு உன் குட்டு உடையப்போகுது போலிருக்கே?" என்று முதுகில் தட்டினான்.

"பார்க்கலாம் ஜெரால்டு" என்றார் செட்ரிக். கையிலிருந்த டீக்கோப்பை சாசரில் கடகடவென்று ஆடியது.

"நீ கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு உட்காரேன்" என்றேன் நான் ஜெரால்டிடம்.

"அடேயப்பா, இஸ்திரிக்காரம்மாவுக்குக் கோபம் வந்துருச்சு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். கூட்டமும் சிரித்தது. அவன் தும்மினாலும் சிரிக்கும் கூட்டம் அது.

நெவில் திரைச்சீலையை இழுத்துவிட்டு டேப்பைப் போட்டான். படம் கொஞ்சம் ஆடியது, நிறம் வழிந்தது. விளம்பரம் வரும் இடமெல்லாம் அந்த கூல் ஊர் அம்மா பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு, திரும்ப விடும்போது தாமதமாக விட்டிருந்தாள். கதை அங்கங்கே துண்டு துண்டாகக் குதித்தது. மூன்றாவது குதிப்பில் ஆஸ்பத்திரி வந்தது. செட்ரிக் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கேமரா வார்டுக்குள்ளிருந்து ஜன்னலைப் பார்க்கிறது. பாதி திறந்த ஜன்னல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெரால்டின் முகம், திரை முழுக்க. ஸ்பாஞ்சை வாளியில் முக்கி எடுத்து, நுரையோடு கண்ணாடியில் ஒரு இழு இழுக்கிறான். இழுத்தவன் அப்படியே நின்றுவிடுகிறான். வாய் திறந்திருக்கிறது. கண் கண்ணாடியின் மூலையைத் தேடுகிறது. ஒரு வார்த்தை வரவில்லை. மௌனம் போய்க்கொண்டே இருக்கிறது, ஹாலில் யாரோ இருமியது பெரிதாகக் கேட்டது.

அப்புறம் கீழேயிருந்து ஒரு குரல். என் செட்ரிக் குரல்.

"நீ என்ன கேக்கப்போறேன்னு தெரியும் பாஸ். ஏன்டா உள்ளே போகலேன்னு கேப்பே. போயி என்ன சொல்றது? அவ வெச்சிருந்த ஜெரேனியம் செடிக்கு நான் தண்ணி ஊத்தறேன்னு சொல்லவா? அதுவும் பாதி செத்துப்போச்சு. ஊத்தறது ஜாஸ்தியா கம்மியான்னுகூட எனக்குத் தெரியலே. அவளைக் கேட்டாத்தான் தெரியும்."

போய்க்கொண்டே இருந்தது. கேள்வியையும் அவரே கேட்டார், பதிலையும் அவரே சொன்னார். ஒரு இடம் தடுமாறவில்லை. மூன்று நிமிடமும் கேமரா ஜெரால்டின் முகத்தை விட்டு நகரவில்லை. வாயும் திறந்தபடியேதான் இருந்தது. முணுமுணுப்பா? உதடு இம்மி அசைந்தால்தானே!

விளக்கைப் போட்டார்கள். ஹால் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. யாருக்கு என்கிறீர்கள்? ஜெரால்டுக்கு!

"அந்த முகம்! அந்த மௌனம்!" என்று நெவில் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "ஒரு வார்த்தை பேசாம, சிநேகிதன் படற பாட்டை முகத்துலயே காட்டிட்டீங்க சார். என்ன நடிப்பு!"

பேயறைந்த முழியெல்லாம் நடிப்பாம். ஜெரால்டு எழுந்து, நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்தான். "மௌனம்தான் கஷ்டம், நண்பர்களே" என்றான். அந்தப் போர்க் பையை எடுத்து அவன் மூஞ்சியில் எறிந்திருப்பேன், கை செட்ரிக்கிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

அப்போது செட்ரிக் பேசினார். "நெவில், கொஞ்சம் பின்னாடி ஓட்டேன். அவன் ஸ்பாஞ்சை இழுக்கற இடம். நிறுத்து. அந்த மூலையில நீலமா இருக்கே, அது என்ன?"

எல்லாரும் பார்த்தோம். கண்ணாடியின் கீழ் மூலையில், ஸ்பாஞ்ச் போகுமுன், எறும்பு வரிசைபோல நீலமாக நாலைந்து வரி. எழுத்து. எங்கள் பக்கத்திலிருந்து இடம் வலமாகத் திரும்பித் தெரிந்தது. ஸ்பாஞ்ச் போனபின் நுரையில் நீலம் வழிந்தது.

நான் எழுந்துவிட்டேன். எனக்கு அந்த நீலம் தெரியும். அன்றைக்கு ஜெரால்டின் ஓவர்ஆல் வலது கையில், முழங்கைவரை நீல மை. பாலை ஊற்றி, எலுமிச்சையைப் பிழிந்து, விரல் தோல் உரியத் தேய்த்தேன். பேனா உடைந்துவிட்டது என்றான். நானும் நம்பித் தொலைத்தேன்.

"கண்ணாடியில வசனம் எழுதி வெச்சுப் படிச்சியா?" என்று கத்தினேன். "ஒத்திகைக்கு எப்பவும் காஞ்ச ஸ்பாஞ்ச் குடுப்பாங்க, எழுத்து அழியாது. எடுக்கும்போது நிஜமாவே சோப்புத் தண்ணி குடுத்தாங்க. உன் வசனத்தை நீயே துடைச்சுப்புட்டே! ஜன்னல் துடைக்கறவன் வேஷம் போட்டவனுக்கு, தொடைச்சா அழியும்னு தெரியாதா? அட அறிவு கெட்ட ஜென்மமே! ஏணியை விட்டு விழாம உன்னைக் காப்பாத்தினவனையா இத்தனை வருஷமா சந்தி சிரிக்க வெச்சே?"

 ஜெரால்டின் கழுத்து, பட்டுத்துணி நிறத்துக்கு வந்தது.

"எல்லா நடிகனும் எங்கேயாவது எழுதி வெப்பான்" என்றான். "சும்மா தமாஷுக்குச் சொன்னது. செட்ரிக்கே சிரிச்சான். கேட்டுப்பாருங்க."

"அப்படீன்னா அது இன்னும் பிரமாதம் சார்! நிஜத் தவிப்பு!" என்றான் நெவில். இவர்களை என்ன செய்ய? யாரோ மறுபடி கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள். மூளையைக் கழற்றி ஓவர்ஆல் பையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள்.

நான் செட்ரிக் பக்கம் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவர் திரையில் உறைந்து நின்ற நீலத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மௌனம் என்னோடது இல்லே" என்றார்.

"இல்லவே இல்லே! நான்தான் சொன்னேனே!"

"சொன்னே. கேமரா பக்கத்துல நின்னு பார்த்தேன்னு சொன்னே." குரல் கோபமாக இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நின்னிருந்தா இந்த மையைப் பார்த்திருப்பே. பார்த்திருந்தா நீ சும்மா இருக்கற ஆளா? அன்னிக்கே அவனைக் கிழிச்சிருப்பியே."

நான் என் கைப்பையின் வாரைச் சரிசெய்தேன். 

"நீயும் அவன் சொன்னதைத்தான் நம்பினே, இல்லே?"

இத்தனை நாள் அவனை என்னவெல்லாம் திட்டியிருக்கிறேன்! அவன் கதையை நம்பிய கூட்டத்தை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்! அதே கதையை அவர் படுக்கையிலேயே படுத்துக்கொண்டு நம்பியவள் நான். சங்கத்தில் முதல் உறுப்பினராக என்னைத்தான் சேர்த்திருக்கவேண்டும்.

"ஆமா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். குளிர்ந்துபோன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கோப்பையைச் சாசரில் வைத்தார். சத்தமே இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு எனக்கும் என் கோட்டை எடுத்துப் பிடித்தார்.

"திங்கக்கிழமை நாடகக் குழுவுக்குப் போன் பண்ணணும்" என்றார். "முதல் நாளைக்கு உனக்கு முன் வரிசையில ஒரு சீட்டு சொல்லிடறேன். இந்தத் தடவையாவது வந்து பாரு, க்ளெனிஸ்."