கழிக்கப்படும் எட்டு

பனித்தளத்தின் மேல் மெல்லிய மூடுபனி நின்றது. எதிர்ப்பக்க இருக்கைகள் தண்ணீருக்கு அடியில் இருப்பவைபோல் தெரிந்தன. சிர்க்கா கம்பளியை மடிமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஐந்து நடுவர்கள், ஒரே வரிசை, ஆளுக்கொரு சிறு திரை.

“முதல்ல வர்றது லாப்லாந்துப் பிள்ளைங்க,” என்றான் பக்கத்து நாற்காலி வெய்க்கோ, ஃபிளாஸ்கைத் திறந்தபடி. “பார்த்து மார்க் போடு. பின்னால வர்றவங்களுக்கு இடம் வை.”

“இடம் வைக்க இது என்ன பஸ்ஸா?”

“பஸ்ஸேதான். ஹெல்சிங்கி ஜோடி ஜன்னலோரத்துல துண்டு போட்டு ரொம்ப நாளாச்சு.”

உண்மைதான். வசந்தத்தில் நடக்கும் உலக இளையோர் பனிச்சறுக்கு நடனப் போட்டிக்கு ஒரு ஜோடிதான் போகும். ஹெல்சிங்கி ஜோடியின் பயிற்சியாளர் சறுக்குச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தார். வாரம் முழுக்க நடுவர்கள் அவர்கள் பயிற்சியைத்தான் பார்த்தார்கள்.

போன வருடம் சிர்க்காவின் மதிப்பெண்கள் மற்றவர்களைவிட்டு விலகிப் போயின. போட்டி முடிந்ததும் தலைமை நடுவர் ஒர்வொக்கி அம்மா அவளை அறைக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். கையில் ஓர் இலவங்கப்பட்டை பன்னைக் கொடுத்து, இன்னொரு முறை என்றால் நாற்காலி இருக்காது என்றார். வார நாட்களில் சிர்க்கா ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். அது யாருடைய மேசையாகவும் இருக்கலாம். இந்த நாற்காலி அவளுடையது.

தவிர, கணக்கு ஒன்று உண்டு. ஐந்து மதிப்பெண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் கழித்துவிடுவார்கள். தனியாக உயர்ந்த கை சேர்த்தியில்லை.

லாப்லாந்துப் பிள்ளைகள் இங்காவும் அஸ்லாக்கும் வந்து நின்றார்கள். அக்கார்டியன் இசை. மெதுவான வால்ட்ஸ் நடனம்.

சிர்க்கா கண்ணை மூடினாள். நடுவர் செய்யக்கூடாத காரியம். ஆனால் சறுக்குக் காலணியின் கத்தி தவறான விளிம்பில் ஏறினால் பனியைச் சுரண்டும். காது அதைக் கண்ணுக்கு முன்பே பிடித்துவிடும். இன்று அந்தச் சத்தம் இல்லை. நான்கு கத்திகள், ஒரே ஓசை. நல்ல துணியில் கத்தரிக்கோல் தானாக ஓடுவதுபோல். இமைக்குள் ஓர் ஏரி உறைந்துகொண்டிருந்தது. கரை இல்லை. யாரோ அதன்மேல் ஒரே கோட்டை இழுத்துக்கொண்டே போனார்கள். அவளும் கூடவே போனாள்.

கண்ணைத் திறந்தபோது இசை நின்றிருந்தது. அவர்கள் போன வழியில் மூடுபனி வளைந்து கிடந்தது.

அவள் விரல் பழக்கப்படி பத்துக்கு ஐந்தரையைத் தொட்டிருந்தது. முதலில் ஆடுபவர்களுக்கான எண்.

அழித்தாள். எட்டு போட்டாள்.

இந்த எட்டைக் கழித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காது, நாற்காலி மட்டும் போகும். வெய்க்கோ பக்கம் பார்த்தாள். பரீட்சையில் விடையை மறைக்கும் பையன்போல் திரையைக் கையால் மூடியிருந்தான்.

அனுப்பினாள்.

ஹெல்சிங்கி ஜோடி கடைசியில் வந்தது. பளிச்சென்ற உடை, பளிச்சென்ற சிரிப்பு. திருப்பங்களில் கத்தி சுரண்டியது. கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை. சிர்க்கா ஆறரை போட்டாள்.

பலகையில் பெயர்கள் இடம் மாறின. மேலே லாப்லாந்து. மிகச் சிறிய வித்தியாசம். இங்கா பலகையை நம்பாமல் அஸ்லாக்கின் முகத்தைப் பார்த்தாள். ஹெல்சிங்கிப் பயிற்சியாளர் கையுறையைத் தடுப்பின்மேல் அடித்தார்.

சிர்க்கா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளுடைய எட்டு கழிந்திருக்கும். அது கழிந்தும் இவர்கள் மேலே என்றால், இன்னொரு கை உயர்ந்திருக்க வேண்டும்.

ஒர்வொக்கி வந்தார். “சிர்க்கா, அறைக்கு வா.”

“தெரியும்மா.”

“நீ மட்டும் இல்ல. வெய்க்கோ, நீயும்தான்.”

வெய்க்கோ ஃபிளாஸ்க் மூடியை நிதானமாகத் திருகினான். “எனக்கும் ஒரு பன் எடுத்து வைங்கம்மா.”

ஒர்வொக்கி சிரிக்காமல் முன்னால் நடந்தார்.

“இடம் வைன்னு என்கிட்ட சொன்னியே?” என்றாள் சிர்க்கா.

“சொன்னேன். காது உனக்கு மட்டுமா இருக்கு?”

பனியைச் சமன்செய்யும் வண்டி கோடுகளை அழித்துக்கொண்டு வந்தது. இருவரும் கம்பளிகளை மடித்து நாற்காலிகளில் வைத்தார்கள்.

“அடுத்த வருஷம் நமக்கு சீட் கிடையாது,” என்றான்.

“நின்னுக்கிட்டே பார்க்கலாம்.”