முன் சக்கரமும் இழுக்கணும்

என் கணவர் காப்ரியலுக்கு வண்டி பார்த்து வாங்கத் தெரியாது. பளபளப்பைக் கண்டால் மயங்கிவிடுவார். அதனால்தான் நானும் கூடப் போனேன். போய், அவரைவிட மோசமாக நான்தான் மயங்கினேன்.

எங்களுக்கு அவசரம். மலேசியாவில் எங்கள் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலைகளை டிரெய்லரில் ஏற்றிப் பெரிய சாலைக்கு இழுத்துவரும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியதால் ஏழு மாதம் வீட்டில் முடங்கிக் கிடந்த மனுஷனுக்கு, ஐம்பத்திரண்டு வயதில் வந்த வேலை. டிரெய்லர் தோட்டத்துடையது, வண்டி எங்களுடையதாக இருக்கவேண்டும். திங்கட்கிழமை வண்டி வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று தோட்டத்து மேற்பார்வை பார்க்கும் மண்டோர் சொல்லிவிட்டார். எங்கள் சேமிப்புக்கு ஒரே ஒரு பழைய வண்டிதான் வரும். தப்பாக வாங்கினால் காசும் போச்சு, வேலையும் போச்சு.

செகிஞ்சானில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது ஃபாரூக் வண்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டு போன் போட்டேன். ஃபோர் வீலா என்று கேட்டேன். ஃபோர் வீல்தான் என்றார். சனிக்கிழமை காலையில் போனோம். வெள்ளை பிக்அப் வண்டி. ஒரு கீறல் இல்லை. விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகும். நான் மனசுக்குள் மாதாவுக்கு மெழுகுவர்த்தியே ஏற்றிவிட்டேன்.

சாவியை நீட்டப் போனவர், எதை இழுக்கப் போகிறீர்கள் என்று பேச்சுவாக்கில் கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து இரண்டு டன் குலை, களிமண் பாதை, மழை பெய்தாலும் வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏறவேண்டும் என்று காப்ரியல் சொன்னார். ஃபாரூக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இது வேணாம். நம்ம ஊர்ல பிக்அப்னாலே ஃபோர் வீல்னு சொல்லிப் பழகிட்டோம், நானும் அப்படித்தான் சொல்லிட்டேன். நாலு சக்கரமும் இழுத்தாத்தான் நெச ஃபோர் வீல். இதுல பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கும். சேத்துல மாட்டிக்கும்லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கூடுதல் விலைக்கு ஆள் வந்துவிட்டதாக்கும் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டேன். என் வாய் அப்படி.

அவர் கோபப்படவில்லை. கலும்பாங்கில் நல்லசாமி என்பவரிடம் பழைய டீசல் வண்டி ஒன்று இருப்பதாகச் சொல்லி, அவரே போன் போட்டுப் பேசினார். கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டைக் கம்பி இருக்கும், அதைப் போட்டுச் சேற்றில் ஓட்டிப் பாருங்கள், முன் சக்கரமும் மண்ணை வாரியடித்தால் மட்டும் வாங்குங்கள் என்றார். அடியில் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் சொன்னார். நான் நன்றிகூடச் சொல்லாமல் கிளம்பினேன்.

கலும்பாங் வண்டியைப் பார்த்ததும் எனக்கு அழுகை வராத குறை. பச்சைப் பெயிண்ட் உரிந்து, ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. ஆனால் குனிந்து பார்த்தால் அடிப்பாகம் சுத்தமாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருந்த சேற்றில் இறக்கிக் குட்டைக் கம்பியைப் போட்டதும், முன் சக்கரம் வாரியடித்த சேறு என் உடுப்பெல்லாம் தெறித்தது. அப்போதே வாங்கிவிட்டோம்.

ஞாயிறு ராத்திரி நல்ல மழை. திங்கள் காலை நானும் கூடப் போனபோது பாலத்து மேடு குழைந்து கிடந்தது. டிரெய்லர் நிறையக் குலையோடு காப்ரியல் வண்டியை ஏற்றினார். பாதி மேட்டில் பின் சக்கரங்கள் வழுக்கின. முன் சக்கரங்கள் விடவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, வண்டி மேலே ஏறி நின்றது. நாளைக்கும் வந்துவிடு என்றார் மண்டோர். காப்ரியல் இறங்கிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அன்று மத்தியானமே செகிஞ்சான் போனோம். வெள்ளை வண்டி விற்காமல் கடை வாசலிலேயே நின்றது. அதைப் பார்த்ததும் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வழியெல்லாம் ஒரு மன்னிப்பு யோசித்து வைத்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் ஃபாரூக் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"மேடு ஏறிச்சாக்கா?"

"ஏறிச்சு பாய்."

அவர் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். ஷஃபீகா கரண்டியும் கையுமாக வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நேத்து ராத்திரி மழை புடிச்சதுலேருந்து இவரு தூங்கவேயில்லக்கா."