இல்லாத மீன்

லிப்ட் மெக்கானிக்குக்கு வாக்கப்பட்டது தையல்காரியின் தலையெழுத்து. போகிற இடமெல்லாம் ஆளாளுக்கு அவசரப்படுத்தியதில் அந்த மனிதரிடம் பொறுமை மருந்துக்கும் மிஞ்சவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, கடல்மீன் தொட்டியை மாற்றவும் கையில் கொத்தனார் கரணையோடுதான் வந்து நின்றார்.

புதுத் தொட்டி தயாராக இருந்தது. உப்புத்தண்ணீரை முதல் நாளே கலந்தாகிவிட்டது. மணலும் நாலு விரல் உயரத்துக்குப் போட்டாகிவிட்டது. பழைய தொட்டியில் கற்களை எடுத்ததும் மூன்று மீன்கள் சமர்த்தாகப் பிடிபட்டன. நாலாவதைத்தான் காணோம்.

அது மணலுக்குள் புதைந்து கிடக்கும் சாதி. தொட்டி தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருந்ததால், தினமும் பதினோரு மணிவாக்கில் அது வெளியே வந்து மஞ்சள் வாலை ஆட்டிக்கொண்டு இரை தின்பதை அவள் பார்ப்பாள். அவர் காலடிச் சத்தம் கேட்டால் போதும், உள்ளே போய்விடும். எட்டு மாதமாக அவர் கண்ணில் படவில்லை, அதனால் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிட்டார். அதோடு விட்டாரா? இல்லாத மீனுக்கு உன் அண்ணி தீனி போடுகிறாள் என்று தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் ரணம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

மீன் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கரணை கூடாது, வலை கூடாது. மணலுக்கு மேல் அரைச் சாண் தண்ணீரை விட்டுவிட்டு மீதியை இறைக்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து கையால் மணலை மெல்லத் தள்ளிக்கொண்டே போனால் மீன் மறு மூலைக்கு ஒதுங்கும். அங்கே கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டுவிட வேண்டும். இதை அவள் மூன்று தரம் ஒப்பித்தாள். செத்து மண்ணாய்ப் போனதற்கு அரை நாளா என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அவள் தண்ணீரை இறைத்து, இடது மூலையிலிருந்து பாதி தூரம் மணலைத் தள்ளிவிட்டு, கிண்ணம் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். போய்வந்தது ஒரே நிமிஷம். அதற்குள் அந்த மகானுபாவர் வலது மூலையில் மூன்று கரணை வாரி வாளியில் போட்டு, மணலைக் கழுவி வைப்போம் என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டிருந்தார். குழாய்த் தண்ணீர் கடல் மீனுக்கு எமன்.

அவள் கிண்ணத்தில் பழைய தொட்டித் தண்ணீரை அள்ளிக்கொண்டாள். ஓடிப்போய்க் குழாயை மூடி, வாளிக்குள் கைவிட்டுத் துழாவினாள். விரலிடுக்கில் ஏதோ வழுக்கியது. இரண்டு கையாலும் பொத்தி எடுத்து, அந்தக் கிண்ணத்தில் விட்டாள். மீன் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் லேசாக அசைந்தது.

"தொடாதீங்க. தள்ளி உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் கரண்டி கரண்டியாகப் புதுத் தொட்டித் தண்ணீரைக் கிண்ணத்தில் கலந்துகொண்டே இருந்தாள். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். முக்கால் மணி நேரம் கழித்து மீன் நிமிர்ந்தது. கிண்ணத்தோடு புதுத் தொட்டியில் அமிழ்த்தியதும் வெளியே நழுவி, அடியில் கொஞ்ச நேரம் நின்று, தலைகீழாக மணலுக்குள் புகுந்துகொண்டது. மஞ்சள் வால் கடைசியாக மறைந்தது.

அவர் கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"அப்போ, எட்டு மாசமா இது உயிரோடதான் இருந்துச்சா?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தினம் தினம் சொன்னேன். நான் சொன்னா பத்தாதா உங்களுக்கு, மீனே வந்து சாட்சி சொல்லணுமா?"