டாக்டரின் குளியல்

வெள்ளைத்துரைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பன்றி பிடிக்கிறவனுக்குக் கைதான் வலிக்கும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். கை ஒன்றும் செய்யாது. மேல்தாடையில் சுருக்குக் கயிறு விழுந்ததும் பன்றி பின்பக்கமாக இழுக்கும். டாக்டர் ஊசியை எடுக்கிறவரைக்கும் பிடித்தவன் எதிர்ப்பக்கம் சாய்ந்தே நிற்க வேண்டும். பாரம் முழுக்க இடுப்பில் இறங்கும். கால்நடை நோய் ஆராய்ச்சிக் கூடத்தில் அவன் தினக்கூலி. அவன் அப்பா கிண்டியில் கல் சுமந்தவர். அவருக்கும் போனது இடுப்புதான்.

காலையில் அடையாற்றங்கரைக்குப் போயிருந்தார்கள். அங்கே பட்டி பட்டியாகப் பன்றிகள் நொண்டின. மூக்கிலும் குளம்புக்கு மேலேயும் கொப்புளம். டாக்டர் ஷஃபியுல்லாவுக்கு வேண்டியது கொப்புளத்துக்குள்ளே இருக்கிற நீர். ஆனால் கரைக்காரர்கள் எல்லாவற்றையும் ஊக்கால் குத்தி உடைத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி வைத்திருந்தார்கள்.

"உடைக்காதீங்கன்னு போன தடவையே சொன்னேனே."

"வலியில கத்துது சார். பாத்துக்கினு சும்மாவா குந்துறது?" என்றான் ஒருவன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஹாங்காங் பன்றிகளுக்குப் புதிதாக ஒரு கொப்புள நோய் வந்திருந்தது. பார்வைக்கு மாட்டுக் கோமாரி மாதிரியே இருக்கும், ஆனால் கிருமி வேறு. இங்கே இருப்பது கோமாரியா புதுசா என்று கண்ணால் சொல்ல முடியாது. கிருமியை அமிலம் கலந்த புளிப்புத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். கோமாரிக் கிருமி அதில் செத்துப்போகும், மற்றது சாகாது. அதைப் பார்க்க நல்ல கொப்புளம் ஒன்று வேண்டும். அன்றைக்கும் கிடைக்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பியதும் டாக்டர் வழக்கம்போல நேரே பின்பக்கத்துக் குழாயடிக்குப் போனார். தலைக்குச் சோப்பு போட்டுக் குளித்தார், நகத்தைத் தேய்த்தார், சலவை சோடா கரைத்த தட்டில் இறங்கி நின்றார், பிறகு வேறு சட்டை, வேறு செருப்பு. கூடத்தில் எல்லோருக்கும் அந்தக் குளியல் தெரிந்த சங்கதி. மயிலாப்பூரில் டாக்டருடைய அம்மா ஹமீதுன்னிசா, மகன் எந்தப் பிராணியோடு மாரடிக்கிறான் என்று தெரிந்த நாளிலிருந்து வாசலிலேயே முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறார் என்று டாக்டரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"நீயும் ரெண்டு சொம்பு ஊத்திக்கோ வெள்ளைத்துரை" என்றார் தலையைத் துவட்டிக்கொண்டே.

"எனக்கு இன்னாத்துக்கு சார்? நீங்க தொடக்கூடாதத்த தொட்டீங்கோ, குளிக்கிறீங்கோ. நான் துன்றவன். துன்றவன் குளிச்சா பன்னிக்கே கோவம் வந்துடும்."

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஜீப் காத்திருந்தது. வெள்ளைத்துரை கையை மட்டும் கழுவிக்கொண்டு, அதே காக்கி அரைக்கால் சட்டையோடு பின்னால் ஏறினான்.

ஜீப் மாம்பலம் கால்வாய் ஓரத்துக்குப் போனது. அங்கே தங்கம் பன்றி வளர்த்தாள். நோயே படாத பன்றியின் ரத்தமும் ஒப்பிட வேண்டியிருந்ததால் வாரத்துக்கு ஒரு முறை அவளிடம் போவார்கள். அவள் பன்றிகள் தெருவில் மேய்வதில்லை. பாண்டி பஜார் ஓட்டல்களின் எச்சில் சோற்றைத் தகர டின்னில் தலையில் சுமந்து வந்து, பீப்பாயில் கொதிக்கவைத்துத்தான் ஊற்றுவாள். நோய் அண்டாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

தாய்ப்பன்றி புதிதாக ஈன்றிருந்தது. ஏழு குட்டி, ரோஜா நிறத்தில்.

"பாத்தியா அண்ணாத்தே, ஒண்ணுகூட மிதிபடல" என்றாள் தங்கம். "இதுங்க பெருசானதும் ஒரு தள்ளுவண்டி வாங்கிடுவேன். இந்தக் கழுத்து இன்னும் ஒரு வருசம் டின்னு தாங்காது."

"வண்டி வந்தா என்னையும் ஒரு ரவுண்டு இட்டுக்கினு போ."

"உன்னையா? உன் வெயிட்டுக்கு ரெண்டு வண்டி வாங்கணும்."

வெள்ளைத்துரை பட்டிக்குள் இறங்கினான். தாய்ப்பன்றிக்கு அவனைத் தெரியும், கத்தவில்லை. சுருக்குப் போட்டுப் பிடித்துக் கொடுத்தான். டாக்டர் வெளியே இருந்தபடியே காது நரம்பில் ரத்தம் எடுத்தார். போகும்போது வெள்ளைத்துரை ஒரு குட்டியைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துப் பார்த்துவிட்டு இறக்கிவிட்டான்.

ஒரு வாரம் ஆகவில்லை, தங்கம் கூடத்து வாசலில் நின்றாள். இடுப்பில் புடவையைச் செருகியபடியே ஓடி வந்திருந்தாள்.

"குட்டிங்க போச்சு சார். நேத்து சாய்ந்தரம் பால் குடிச்சிக்கினு இருந்துச்சுங்க. காலைல பாத்தா வரிசையா கெடக்குதுங்க. ஒடம்புல ஒரு கொப்புளம் கிடையாது. தாய்க்குத்தான் மூஞ்சில இம்மாம் பெருசு. நீங்க சொன்னீங்களேன்னு ஒடைக்கல."

போய்ப் பார்த்தார்கள். தாய்ப்பன்றி எழுந்திருக்கவில்லை. மூக்கின்மேல் கொப்புளம் முழுசாக, உடையாமல், பளபளவென்று நின்றது. டாக்டர் இத்தனை மாதம் தேடியது அதுதான். மெல்லிய ஊசியால் நீரை இழுத்துப் பனிக்கட்டிப் பிளாஸ்க்கில் வைத்தார். ஒரு குட்டியை அறுத்து இதயத்தைப் பார்த்தார். வெளிறிய கோடுகள் ஓடியிருந்தன. கொப்புளம் வருவதற்கு முன்பே குட்டிகள் செத்தது இதயம் பழுதானதால்தான்.

"அந்த மிலிட்டரி ஓட்டல்காரன் வேல தான் சார்" என்றாள் தங்கம். "புதுச் சமையக்காரன் வந்துகீறான். எலும்பும் தோலுமா கொட்றான். எனக்கும் அன்னிக்கு வெறகு ஈரம், சரியா கொதிச்சுதோ இல்லியோ. நான்தான் கொன்னுட்டேன் போல."

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிளாஸ்க்கை மூடி எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

புளிப்புத் தண்ணீரில் கிருமி செத்தது. ஹாங்காங் நோய் இல்லை, கோமாரிதான். ஆற்றங்கரைப் பன்றிகளின் ரத்தத்திலும் அதே வகைதான் தெரிந்தது. இரண்டு இடத்துக்கும் ஒரே நாளில் போனவர்கள் அவர்கள்தான். முடிவு தெரிந்த அன்று டாக்டர் வெள்ளைத்துரையைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு ஆத்தங்கரையிலேர்ந்து வந்து நீ குளிக்கல இல்ல?"

"இல்ல சார். நான் ஏன் குளிக்கணும்?"

"துணியும் மாத்தல."

"மாத்தல. அதெல்லாம் உங்க வூட்டு சங்கதி ஆச்சே சார்."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நான் அம்மாவுக்காகக் குளிக்கலப்பா. அம்மாவுக்குன்னா வீட்டுக்குப் போகும்போது குளிச்சாப் போதும். ஒரு பட்டியிலேர்ந்து இன்னொரு பட்டிக்குப் போறதுக்கு முன்னால எதுக்குக் குளிக்கறேன்? இந்தக் கிருமி துணியில ஒட்டும், செருப்புல ஒட்டும், தலைமயிர்ல கூட ஒட்டும்."

வெள்ளைத்துரை தன் அரைக்கால் சட்டையைப் பார்த்தான். குட்டியை அணைத்த நெஞ்சைப் பார்த்தான்.

"நீங்க சொல்லவேயில்லியே சார்."

"சொல்லல. நீ தமாஷ் பண்ண, நானும் சிரிச்சுட்டேன். இவ்வளவு நாளா எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிச்சீங்க, நானும் விட்டுட்டேன்."

குழாயடியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"தங்கம் ஓட்டல்காரனாண்ட சண்டைக்குப் போவுது சார்" என்றான் வெள்ளைத்துரை. "சண்ட போட்டா எச்சி கெடைக்காது. மீதி பன்னிக்கு இன்னாத்த ஊத்தும்? பொழப்பே பூடும்."

"வா, போய்ச் சொல்லிடலாம். முதல்ல குளி."

வெள்ளைத்துரை குளித்தான். முதுகுக்கு எட்டாத இடத்தில் டாக்டர் தண்ணீர் ஊற்றினார்.

தங்கம் பட்டிக்கு வெளியே பீப்பாயின் கீழ் நெருப்பை ஊதிக்கொண்டிருந்தாள். டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஓட்டல்காரன்மேல் தப்பில்லை, ஈர விறகின்மேலும் தப்பில்லை, நோயைக் கொண்டுவந்தது நாங்கள்தான் என்றார்.

"நான்தாம்மா" என்றான் வெள்ளைத்துரை.

"அவன் இல்ல. அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதது நான்" என்றார் டாக்டர்.

தங்கம் எழுந்து நின்றாள். கண்ணில் புகை ஏறியிருந்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நோவு வராம பாக்கத்தானே வந்தீங்கோ?"

"ஆமாம்மா."

"நல்லா பாத்தீங்கோ போ." கொள்ளியை உள்ளே தள்ளினாள். "சரி, சண்டைக்குப் போக இருந்தேன். போயிருந்தா எச்சி சோறும் போயிருக்கும். சொன்ன வரைக்கும் நல்லது. குட்டிக்கு இன்னா வழி?"

ஆபீசில் எழுதிக் கேட்கிறேன், அரசாங்கப் பண்ணையிலிருந்து வாங்கித் தருகிறேன் என்றார் டாக்டர். எழுதவும் செய்தார். ஆராய்ச்சிக்குப் பன்றி வாங்க விதி இருக்கிறது, ஆராய்ச்சியால் செத்த பன்றிக்குத் திருப்பித் தர விதி இல்லை என்று பதில் வந்தது. மறுபடி எழுதினார். அடுத்த கோடையில் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அங்கிருந்தும் எழுதினார்.

தாய்ப்பன்றி பிழைத்தது. ஒரு குளம்பு கழன்று நொண்டியானது, பிறகு சினை பிடிக்கவில்லை. தங்கம் இன்னும் டின்னைத் தலையில்தான் சுமக்கிறாள். ரத்தம் எடுக்க இப்போது வேறு டாக்டர் வருகிறார். வெள்ளைத்துரை அவரைக் குளிக்கச் சொல்கிறான், ஏன் என்றும் சொல்கிறான். பட்டி வாசலில் தங்கம் அவன் தலைமயிரைத் தொட்டு, ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள்.

"குளிச்சது சரி, அண்ணாத்தே. எங்க என் குட்டி?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள்.

தங்கத்துக்கு ஏழு குட்டி பாக்கி.