மூன்றிலேயே விழுந்த அடி

‘லேட் பஸ்’ என்று பெயர் வைத்துக்கொண்ட ராக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் பெவர்லி, ஒரே ஒரு இடத்தில்தான் சீக்கிரம் வந்தாள். அது இசைத்தட்டில் பதிவாகித் தொலைந்தது.

இங்கிலாந்தின் ஹல் நகரத்தில், மீன் வறுவல் கடை மாடியில் எண்ணெய்ப் புகைக்குள் வாசித்துப் பழகிய நான்கு பேர் அவர்கள். முதல் பாட்டில், கடைசிப் பல்லவிக்கு முன்னால் எல்லோரும் சட்டென்று நிறுத்தி, மனசுக்குள் நாலு எண்ணி, ஒன்றாக இறங்க வேண்டும். பத்தொன்பது வயதுப் பெவர்லி மூன்றிலேயே அடித்துவிட்டாள். மற்றவர்கள் விழுந்தடித்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினார்கள். திரும்ப வாசிக்க ஸ்டுடியோவில் நேரமில்லை. மேடையிலும் அதுவே பழகிப்போயிற்று.

அப்புறம் இருபத்தைந்து வருஷம். ஓட்டை வேனில் நாடெங்கும் சுற்றினார்கள். பெரிய கம்பெனி ஒன்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது, இரண்டே ஆல்பத்தில் கைகழுவியது. பெவர்லி பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். பாடகன் நெவில் வீடு வீடாகத் தபால் போட்டான். ஆனாலும் குழுவைக் கலைக்கவில்லை, ஒரு ஆளைக்கூட மாற்றவில்லை. என்ன பிடிவாதம் அந்த நாலு பேருக்கும்! கும்பிடத் தோன்றுகிறது.

இப்போது மறுபடி ஒரு ஆல்பத்துக்கு வாய்ப்பு. லண்டனிலிருந்து வந்த தயாரிப்பாளர் ரூபர்ட், பூங்காவில் மதியக் கச்சேரி தொடங்குமுன் பெவர்லியைத் தனியே கூப்பிட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. உங்க முதல் பாட்டுல நிறுத்துற அந்த இடத்துல இன்னைக்கு நாலுல அடிங்க. முடியலைன்னா, புது ஆல்பத்துக்கு வேற டிரம்மரைப் போட வேண்டியிருக்கும்.”

டிரம்ஸ் இல்லாவிட்டால் தான் யாரென்று அவளுக்கே தெரியாது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

தூறலில் மழைக்கோட்டும் சிப்ஸ் பொட்டலமுமாகக் கூட்டம் நெருக்கியடித்து நின்றது. கடைசிப் பாட்டாக அந்த முதல் பாட்டையே வாசித்தார்கள். எல்லாம் நின்றது. பெவர்லி பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று...

மூன்றில் பூங்கா முழுவதும் கைதட்டியது. இத்தனை வருஷமும் தன் டிரம்ஸ் சத்தத்தில் அவள் கேட்டிராத கைதட்டல். கிட்டார்களும் நெவிலின் குரலும் மூன்றிலேயே இறங்கிவிட்டன. நாலில் அவள் அடி மட்டும் தன்னந்தனியாக விழுந்தது. பாட்டு குப்புறக் கவிழ்ந்தது.

நெவில் திரும்பினான். “என்னடி பெவ், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“சரியாத்தான்டா அடிச்சேன்!”

“உன்னை யாருடி சரியா அடிக்கச் சொன்னது?” அவன் மைக்கை விலக்கவே இல்லை. பூங்காவே சிரித்தது.

முன்வரிசையில், சாயம் போன ‘லேட் பஸ்’ பனியன் போட்ட வழுக்கைத்தலைக்காரர் கத்தினார்: “ஏம்மா, எங்க பாட்டைக் கெடுக்காதம்மா!”

பெவர்லி மேடையோரம் நின்ற ரூபர்ட்டைக் குச்சியால் காட்டினாள். “இல்லைன்னா வேற டிரம்மரைப் போடுவேன்னு அவர்தான் சொன்னாரு.”

“அப்படியா? அப்ப நாம வேற ரூபர்ட்டைப் போட்டுக்குவோம். தூக்குடி குச்சியை!” என்றான் நெவில்.

கடைசிப் பல்லவி மறுபடி வந்தது. எல்லாம் நின்றது. இந்தத் தடவை அவள் எண்ணவே இல்லை. அவள் கையும் ஊரின் கையும் ஒன்றாக விழுந்தன. மேடையோரச் சேற்றில் ரூபர்ட்டின் காலும், அவரைக் கேட்காமலே, மூன்றில் தட்டியது.