மூன்றாவது பாட்டு

"அமைதியானவ. புருசன எதுத்து ஒரு வார்த்த பேசாதவ. எழுதும் ஓய்," என்றார் செல்வதாஸ்.

சபைச் செயலாளர் ராஜகுமார் முழங்காலில் தாளை வைத்து எழுதினார். மூன்று மணிக்குக் கோயிலில் அடக்க ஆராதனை. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை அங்கே வாசிக்கவேண்டும். நடுவறையில் அவர் மனைவி தங்கபாய் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள். நேற்றுக் காலை ரப்பர் ஷீட்டைக் கொடியில் விரித்துக்கொண்டு நின்றவள் அப்படியே சரிந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முடிந்துவிட்டது.

முற்றத்துப் பந்தலில் எவனோ போனில் பாட்டுப் போட்டான். தகர டின்னை உருட்டிவிட்டதுபோல ஒரு தாளம். அதற்கு நடுவே தங்கபாய் பேசினாள்.

"நான் வாயத் தொறந்தா அவரு ரேடியோவ சத்தமா வைப்பாரு. முப்பத்தாறு வருசமா வைக்காரு."

உடனே ஒரு பெண்குரல் அதைப் பிடித்துக்கொண்டு, 'சத்தமா வைப்பாரு, சத்தமா வைப்பாரு' என்று மூச்சுவிடாமல் அடுக்கியது. அழுதுகொண்டிருந்த ஒருத்தி அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

மகன் பிரபினும் அவன் கூட்டாளி பிபினும் செய்த வேலை. ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையைக் காலிசெய்து, கம்ப்யூட்டரும் ஸ்பீக்கருமாக ஏற்றி, இரண்டு வருஷம் அதற்குள்ளேயே கிடந்தார்கள். வாத்தியம் ஒன்று கிடையாது, எல்லாம் பொத்தான். பாட வந்ததுகளும் பாடவில்லை, சந்தைச் சண்டை மாதிரிப் பேசின. எட்டுப் பாட்டும் சேர்ந்து 'ஒட்டுப்பால்' என்ற பேரில் போன வெள்ளிக்கிழமை வெளியாயின. சிரட்டையில் ஒட்டிக் காய்ந்த கழிவு ரப்பர்ப் பாலின் பேரை எவனாவது பாட்டுக்கு வைப்பானா? செல்வதாஸ் ஒன்றைக்கூடக் கேட்டதில்லை. காதைக் கெடுத்துக்கொள்ள அவருக்கென்ன கிறுக்கா?

ரேடியோவாம். மனுஷன் காலைச் செய்தி கேட்கவேண்டாமா? அந்த நேரம் பார்த்துத்தானே அவள் ஊர்க்கதையெல்லாம் சொல்ல வருவாள்.

எழுந்துபோய்ப் பிரபினின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"பெத்த தள்ளைய வச்சு ஊரு சிரிக்கப் பண்ணிட்டியேலே. இப்பமே அத அழி."

"அழிக்க முடியாதுப்பா. எல்லா எடத்துக்கும் போயாச்சு."

"களவாணிப் பயலே. அவ அறியாம புடிச்சு வச்சிருக்க."

பாதித் தலைமுடிக்குச் செம்பட்டை அடித்திருந்த ஒருத்தி முன்னால் வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி அஜிஷா. பாட்டில் அடுக்கியது அவள் குரல்தான்.

"களவு இல்ல மாமா. மூணாவது பாட்டுக்கு மாமியேதான் மைக்குல பேசினாங்க. மொதல்ல சரியா வரலன்னு அவங்களே நிறுத்திட்டு, நாலு தடவ பேசினாங்க."

"நாலு தடவையா?"

"ஆமா. கடைசித் தடவ சிரிச்சிட்டாங்க. அதத்தான் போட்டோம்."

சட்டையை விட்டார். இந்தத் தலையோடு எவளும் கோயிலுக்குள் வரக்கூடாது என்று சத்தம் போட்டார். யாரும் அவளைத் தடுக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் அவளும் நடந்தே வந்தாள்.

கோயிலில் முன் பெஞ்சில் இருந்தார். பின்னால் யார் இருமினாலும் சிரிப்பாகவே கேட்டது. இருக்கிற அத்தனை பேரும் அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார்கள். புதிதாகக் கேட்டது அவர் ஒருவர்தான்.

ராஜகுமார் தாளை விரித்தார். பிறப்பு, ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாம் வாசித்து வந்தார்.

"அமைதியே உருவானவர். கணவரை எதிர்த்து ஒரு வார்த்தையும்..."

செல்வதாஸ் எழுந்தார்.

"அத வாசிக்காண்டாம்."

ராஜகுமார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான். பொய். விட்டிரும்."

போதகர் இருக்கச் சொல்லிக் கைகாட்டினார். செல்வதாஸ் உட்காரவில்லை. பெட்டியின் பக்கம் திரும்பவும் இல்லை. ராஜகுமாரையே முறைத்துக்கொண்டு நின்றார்.

ராஜகுமாரின் விரல் அடுத்த வரிக்கு இறங்கியது. அதுவும் செல்வதாஸ் சொன்னதுதான். வாசிக்கவில்லை. அதற்கும் அடுத்த வரிக்கு இறங்கியது. கடைசியில் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.